இடப்பக்கக் கண்ணாடி

கண்டாவளைப் பக்கத்து மதகுக் கட்டில் நான் காரை உரசிய பிறகுதான், அதை விற்றுவிடச் சொல்லி மகள் நோர்வேயிலிருந்து பேசத் தொடங்கினாள். உரசியது நான்தான். ஆனால் அதை அவளுக்கு அறிவித்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர் முரசுமோட்டையில் நடப்பது எனக்குத் தெரிய முன்னமே அங்கே தெரிந்துவிடுகிறது.

"அப்பா, உங்களுக்குக் கண்ணும் வடிவாத் தெரியுதில்லை. அம்மாவும் இல்லை. இனி ஆரை ஏத்திக்கொண்டு எங்க போகப் போறியள்? வித்துப்போட்டு ஆட்டோவில போய் வாங்கோ" என்றாள்.

அவள் கேட்டதில் பிழை இல்லை. மனைவியை மாதாமாதம் வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோய் வருவதற்கென்றே வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. ஆடி மாதம் அவள் போய்விட்டாள். ஏற்றிப் போக ஆள் இல்லாத கார் எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வது? விற்க எனக்கு மனமில்லை. மனமில்லாததற்குச் சொல்லக்கூடிய ஒரு காரணமும் அகப்படவில்லை. "ஓம் பிள்ளை, பாப்பம்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். என் "பாப்பம்" எவ்வளவு தூரம் இழுபடும் என்று அறிந்தவள் அவள். அங்கிருந்தபடியே வவுனியாவில் ஒரு வாகனத் தரகரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

வந்தவர் மரியாதையான மனிதர். எஞ்சினைக் கேட்டார், ஏசியைப் போட்டுப் பார்த்தார், கீழே குனிந்து துருப் பார்த்தார். எல்லாம் சரியென்று தலையாட்டிக்கொண்டு வந்தவர், கடைசியாக இடப்பக்கக் கண்ணாடியின் சுவிச்சை அமுக்கினார். கண்ணாடி ஒரு முனகலோடு கீழே இறங்கியது. பிறகு மேலே வரவில்லை. அவர் அமுக்கினார், நான் அமுக்கினேன், என் பக்கத்துச் சுவிச்சிலும் அமுக்கிப் பார்த்தோம். கதவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா, உப்பிடியே காட்டினால் ஒருத்தரும் எடுக்க மாட்டினம். கண்ணாடியைத் திருத்தி வையுங்கோ. வாற ஞாயிறு வாங்கிற ஆளையே கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். கண்ணாடி ஏறாதவரை கார் என்னுடையது. ஆனால் அடுத்த நாள் விடியவே ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஓடிப்போய் உரப்பை ஒன்றை வெட்டிக் கதவில் கட்டினேன். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மழைத் தண்ணீர் அவளுடைய இருக்கையில் தெறித்தது. குள்ளமான ஆள் என்பதால் முன்னுக்கு இழுத்துவிட்ட இருக்கை, நாரி நோவுக்கு முதுகடியில் வைக்கும் சின்னத் தலையணை எல்லாம் அவள் விட்டுப் போனபடியே இருந்தன. அந்தத் தலையணை நனைந்து ஊறுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. விற்பதற்காக அல்ல, அதற்காகத்தான் திருத்த இறங்கினேன்.

கிளிநொச்சியில் கராஜ் இல்லாமல் இல்லை. கொண்டுபோனால், விட்டுவிட்டுப் போங்கோ, ரெண்டொரு நாளில் எடுக்கலாம் என்பார்கள். அந்த ரெண்டொரு நாளும் நான் கதவைத் திறந்து வெறும் முற்றத்தைப் பார்க்க வேண்டும். அந்தியேட்டி வரைக்கும், அதாவது அந்த முப்பத்தோராம் நாள் கிரியை முடியும் வரைக்கும், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யார் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத கூட்டம். எனக்கு எரிச்சலாக இருந்தது, எப்போது எழும்பிப் போவார்கள் என்றிருந்தது. போனார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. இப்போது காலையில் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனால் கேத்தில் கொதிக்கும் சத்தம்தான் வீட்டில் முதல் பேச்சு. சில நாட்களில் பின்னேரம் மகள் அழைக்கும்போது என் குரல் கரகரக்கும். தடிமனோ என்று அவள் கேட்பாள். தடிமன் இல்லை, அன்றைக்கு நான் வாய் திறப்பது அப்போதுதான்.

நான் காலம் முழுவதும் வயல் வாய்க்கால்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். தண்ணீர் எங்கே நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று வரம்பு வழியே நடந்து பார்ப்பதுதான் வேலை. யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று சொல்வதில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. என் வாயிலிருந்து பொய் வராது என்று ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வாய்க்காலைத் திருத்தியவனுக்கு ஒரு கார்க் கதவு பெரிதா என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு காலையில் கதவைத் திறந்து வைத்து, நிலத்தில் சாக்கு ஒன்றை விரித்து இருந்தேன். கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுச் சீமெந்துக் கல்லில் சாய்த்து வைத்தேன். அதில் ஒருவர் சிங்களத்தில் விளக்கிக்கொண்டு கதவைக் கழற்றினார். பேச்சில் பாதி விளங்கவில்லை, கைவேலை முழுவதும் விளங்கியது. உள்ளே பிடித்து இழுக்கும் கைபிடிக்குள் ஒரு ஆணி, திறக்கும் கொளுக்கிக்குப் பின்னால் ஒரு ஆணி. இரண்டையும் கழற்றினால் மிச்சம் எல்லாம் பிளாஸ்ரிக் கிளிப்புகள்தான். அவர் அதற்கென்று ஒரு தட்டையான சாமான் வைத்திருந்தார். நான் குசினிக்குப் போய்த் தோசை பிரட்டும் தட்டகப்பையை எடுத்துவந்து, துணி சுற்றி இடுக்கில் கொடுத்து நெம்பினேன்.

தட்டகப்பையைக் கையில் எடுத்ததும், "இஞ்சேருங்கோ, உதை ஏன் எடுத்தனீங்கள்?" என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை. எடுத்தது எடுத்ததுதான், கேட்பாரில்லை. வீட்டில் எந்தச் சாமானையும் எதற்கும் எடுக்கலாம் என்பது இவ்வளவு பெரிய துக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று விட்டன. இரண்டு உடைந்தே போயின. கதவின் உள்மூடி கையோடு வந்தது. சுவிச்சுக்குப் போகும் வயரைக் கழற்றி மூடியை ஒரு பக்கம் வைத்தேன். உள்ளே தண்ணீர் போகாமல் ஒட்டியிருந்த பொலித்தீன் தாளை மெல்லமாக உரித்து, தலையைச் சரித்து, அவள் கால் வைக்கும் இடத்தில் என் தலையை வைத்துக்கொண்டு ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.

அடிக்கதவில் தண்ணீர் தேங்கி நின்றது. கார்க் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது வழக்கம்தான். அது வடிந்து போகக் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அவை அடைபட்டுவிட்டன. தண்ணீர் நின்று நின்று, வயர் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து, கண்ணாடி ஓடும் தண்டவாளமும் துருவேறிப் போயிருந்தது. அடைத்திருந்தது கறுப்பும் மண்ணிறமுமாக ஒரு குவியல். எலிக் கூடாக்கும் என்று கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெளியே போட்டேன்.

கச்சான் கோது.

அள்ள அள்ள வந்தது. அடியில் கிடந்தது உக்கிச் சேறாகிவிட்டது. மேலே கிடந்தது இரட்டைக் குழியோடு, உடைத்த வடிவிலேயே முழுசாக இருந்தது. நடுவில் கசங்கிய பத்திரிகைத் தாள் சுருள்களும் வந்தன. எலிக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தின்றுவிட்டுக் கோதைக் கண்ணாடி இடுக்கால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி ஒளிக்கிற எலியை நான் கேள்விப்பட்டதில்லை.

சேற்றுக் கையோடு அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முழுவதும் பிடிபட்டது.

அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். டொக்டர் சொன்னது அவ்வளவுதான். நான் அதைச் சட்டமாக்கி, ஊறுகாய், கருவாடு, மிக்சர், கச்சான் எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். வவுனியாவிலிருந்து திரும்பி வரும்போது, எங்கள் பக்கத்து வாகனம் எல்லாம் நிற்பது போல, நாங்களும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்போம். அங்கே பிள்ளையாருக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் வெளியில் வறுத்து விற்கிற கச்சானுக்கும். அவளுக்கு முழங்கால் நோ, இறங்கமாட்டாள். நான் மட்டும் இறங்கி, கால் கழுவி, தேங்காய் அடித்து, கும்பிட்டு, விபூதியோடு திரும்பி வருவேன். எனக்கு எதையும் அவசரமாகச் செய்ய வராது. நான் வரும்போது அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வெளியில் எதையோ பார்த்தபடி இருப்பாள்.

"ஒண்டும் வேண்டேல்லை" என்பாள், ஏதும் வாங்கினாயோ என்று நான் கேட்க முன்னமே.

எனக்கு அது பெரிய திருப்தி. சொன்ன சொல்லைக் கேட்கிறாள், கட்டுப்பாடான மனுசி என்று நினைத்துக்கொண்டு காரை எடுப்பேன். காருக்குள் வறுத்த கச்சான் வாசம் கம்மென்று அடிக்கும். வெளியிலிருந்து வருகிறது என்று நானே காரணமும் சொல்லிக்கொள்வேன். அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். தாகமாக்கும் என்பேன். ஊர் வாய்க்காலில் எங்கே தண்ணீர் களவு போகிறது என்று இருட்டிலும் கண்டுபிடித்தவன் நான்!

றோட்டில் போட்டால் நான் திரும்பி வரும்போது கண்டுவிடுவேன். காலடியில் போட்டாலும் கண்டுவிடுவேன். அதனால் கண்ணாடிக்கும் கதவின் றபருக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறாள். வருடக்கணக்காக, ஒவ்வொரு கிளினிக்கிலும், நான் பிள்ளையாரைச் சுற்றி வருகிற நேரத்துக்குள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெல்லமாக வந்தது, பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சேர், பிடிபட்டிட்டாய்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குசினி வாசலில் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

அவளோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. என்ன தைரியம் உனக்கு என்று ஏச வேண்டும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு உலகத்தில் எனக்கிருந்த ஒரே ஆள் அவள்தான். மகளுக்குச் சொல்லலாமா என்று கைபேசியை எடுத்தேன். சொன்னால் அழுவாள், அழுதுவிட்டு, கதவைக் கழற்றினீங்களோ என்று என்னை ஏசுவாள். கைபேசியை வைத்துவிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்து, முகம் முழுவதும் சேறாகி, கிணற்றடிக்குப் போய்க் கழுவ வேண்டி வந்தது.

பிறகு வேலையைத் தொடங்கினேன். ஓட்டைகளைக் கம்பியால் குத்தி விட்டதும் தண்ணீர் விறுவிறென்று வடிந்தது. வயர் மாட்டும் இடத்தில் களிம்பை உப்புத்தாளால் சுரண்டினேன். தண்டவாளத்தில் துருவைத் தேய்த்துக் கிறீஸ் பூசினேன். சுவிச்சின் வயரைத் திருப்பி மாட்டி, மோட்டரின் வயிற்றில் சாவியின் பின்புறத்தால் மெல்லத் தட்டிவிட்டுச் சுவிச்சை அமுக்கினேன். "டிக்" என்றது. இன்னும் இரண்டு தட்டுத் தட்டி மீண்டும் அமுக்கினேன். ஒரு பெருமூச்சோடு கண்ணாடி அசைந்து, நின்று, யோசித்து, மேலே ஏறியது. இரண்டு முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். பொலித்தீனைத் திருப்பி ஒட்டி, மூடியைப் பொருத்தினேன். உடைந்த கிளிப்புகளால் மூடி கொஞ்சம் ஆடியது. ஒரு ஆணி மிச்சமாகக் கையில் இருந்தது, எங்கே போட வேண்டியது என்று தெரியவில்லை.

கோதுகளை எறிய மனம் வரவில்லை. கழுவிச் சுளகில் காயப்போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

வேலை முடிந்த சந்தோசம் தேத்தண்ணி குடித்து முடிய முன்னம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தரகர் ஆளோடு வருவார். கண்ணாடி இறங்கும், ஏறும். இனி நான் சொல்வதற்கு ஒரு சாட்டும் இல்லை. என் கையாலேயே அதைத் திருத்திக் கெடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு முறிகண்டிக்குப் போனேன். திருத்திய வாகனத்தைப் பிள்ளையாரடியில் ஒரு தேங்காய் அடிக்காமல் எங்கள் ஆட்கள் ஓடமாட்டார்கள். கடைசி ஓட்டம், அதையும் முறையாகச் செய்துவிடுவோம் என்றுதான் போனேன். வழக்கமான மரத்தடியில் நிறுத்தி, வழக்கம் போல இறங்கி, கால் கழுவி, தேங்காய் அடித்துவிட்டு வந்தேன். கதவைத் திறந்து இருந்ததும் கண் தானாக இடப்பக்கம் போனது. அங்கே தலையணை மட்டும் இருந்தது.

அப்போது இடப்பக்கக் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டினார்கள். கச்சான் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும், தலையில் துவாய் கட்டியிருந்தாள். நான் என் பக்கத்துச் சுவிச்சை அமுக்கினேன். கண்ணாடி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அவள் சிரித்த முகத்தோடு குனிந்து இருக்கையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"அம்மா எங்க ஐயா? கனகாலமாக் காணேல்லை. கார் வளைஞ்சு வரேக்கையே கண்டிட்டன், அம்மா வந்திட்டா எண்டு ஓடி வாறன்."

அவள் தன்பாட்டில் கதைத்துக்கொண்டே போனாள்.

"அவாக்கெண்டு உப்புத் தண்ணி தெளிக்காமல் தனிய வறுத்து வைக்கிறனான். உப்புப் போட்டது ஒருநாளும் தொடமாட்டா. 'அவர் வாறதுக்குள்ள முடிக்கோணும் பிள்ளை' எண்டு கெதி கெதியா உடைப்பா, பாக்கச் சிரிப்பாக் கிடக்கும்..." என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சொல்லிப்போட்டன். அம்மாவை ஏசிப்போடாதேங்கோ ஐயா!"

"ஏசமாட்டன்" என்றேன்.

உப்பில்லாத கச்சான். டொக்டர் சொன்னதை அவள் கடைசிவரை கேட்டிருக்கிறாள். கேட்காமல் விட்டது நான் சொன்னதை மட்டும்தான்.

"இப்ப எங்க அவா? சுகமா இருக்கிறாவோ?"

அவள் போய்விட்டாள் என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி மரத்துப்போன வசனம் அது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் முகத்தைத் தொங்கப்போட்டு, எப்படி இருக்கிறியள் என்று கேட்பார்கள். அவள் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டவள் இவள் ஒருத்திதான். இந்த வன்னி முழுவதிலும் என் மனைவி இன்னும் உயிரோடு இருப்பது இந்தப் பெண்ணின் நினைப்பில் மட்டும்தான். அதையும் என் வாயால் இல்லாமல் ஆக்க என்னால் முடியவில்லை.

"வீட்டில நிக்கிறா. முழங்கால் நோ, அதுதான் வரேல்லை."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

"அது பாவம். இந்தாங்கோ, இதை அம்மாட்டைக் குடுங்கோ. அடுத்தமுறை எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் கோயிலுக்குப் போங்கோ, நான் அவாவோட கதைச்சுக்கொண்டு நிப்பன்." பத்திரிகைத் தாளில் சுருட்டிய கச்சானை இருக்கையில், தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த வாகனத்துக்கு ஓடினாள். அவளுக்கு என்னைத் தெரியாது. இந்தக் காரைத்தான் தெரியும்.

கைபேசி அடித்தது. மகள். வீதியில் பஸ் இரைச்சல் பெரிதாக இருந்ததால் முதலில் இடப்பக்கக் கண்ணாடியை ஏற்றினேன். கடைசிவரை ஏறி, இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. வறுத்த கச்சான் வாசம் மட்டும் இருந்தது.

"அப்பா, சத்தத்தையே காணேல்லை. வீட்டிலயோ நிக்கிறியள்?"

"ஓம் பிள்ளை."

"நாளைக்கு அந்த ஆள் வாறார். கண்ணாடி சரியோ?"

நான் இடப்பக்கம் பார்த்தேன்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அது இன்னும் ஏறேல்லை."